போர் தண்ணீரில் கார் கழுவுவது எப்படி: ஹோஸா, இரண்டு பக்கெட்டா, பிரஷர் வாஷரா, ஒரே பக்கெட்டா?

எங்கள் கார் கருநீல நிற ஸ்விஃப்ட். நான்கு வருடம் ஓடிய வண்டியாக வாங்கினோம். பகலில் பார்த்தபோது பளபளவென்றுதான் இருந்தது. வாங்கிய வாரமே ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில், வெள்ளை விளக்குக்கு நேர் கீழே நிறுத்தியபோதுதான் பானெட்டைச் சரியாகப் பார்த்தேன். விளக்கு பிரதிபலித்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அந்தக் கீறல்கள் வட்டமாகத் தெரிந்தாலும் உண்மையில் வட்டம் கிடையாது. எல்லாத் திசையிலும் ஓடுகிற கோடுகள் அவை. விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால், சேர்ந்து வட்டம்போலத் தெரிகின்றன. ரோட்டில் கல் பட்டு வந்தவையும் அல்ல. மண் ஒட்டிய துணியால் நாள்தோறும் துடைத்துத் துடைத்து வந்தவை. வண்டியைச் சுத்தம் செய்ததில் வந்த காயம் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் மொத்தமே 100 முதல் 130 மைக்ரான் கனம்தான் இருக்கும். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத க்ளியர் கோட் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது வெயிலையும் மழையையும் தாங்குகிற அந்தப் படலம் ஒரு முடியை விட மெலிது. கீறல்களை பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது அந்தப் படலத்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுப்பதுதான். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், திரும்ப வராது. அதனால் கீறல் விழாமல் கழுவும் வழி எது என்பதுதான் நான் முதலில் தேடிய கேள்வி. இரண்டு வருடத்தில் எல்லா வழியையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கார் கழுவுவது பற்றிப் பேசும்போது எல்லோரும் ஷாம்புவில்தான் ஆரம்பிக்கிறார்கள். தென்சென்னையில் இருப்பவர்கள் தண்ணீரில்தான் ஆரம்பிக்க வேண்டும். நாங்கள் இருப்பது மடிப்பாக்கம். சம்ப்பில் போர் தண்ணீர், குடிக்க கேன். பாத்ரூம் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும் உப்பு காரில் மட்டும் படியாமல் இருக்குமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். எங்கள் போரில் 1400 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை அனுமதி. 1400 என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் வண்டி மேலேயே காய்ந்தால் 1.4 கிராம் உப்பு அங்கேயே தங்கும் என்று அர்த்தம். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருந்தால் அது வெள்ளைப் புள்ளிகளாக உட்காரும். புதிதாக விழுந்த புள்ளி, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துக் கழுவினால் போய்விடும். நிழலில், உடம்பு ஆறிய வண்டியில் மட்டும் செய்யுங்கள். வெயிலில் பல நாள் வெந்த புள்ளி க்ளியர் கோட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். அதற்கு பாலிஷ் தவிர வழியில்லை.

தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறார்கள், எங்கள் பிளாட்டிலேயே இரண்டு வீடுகளில். நல்ல மனசுதான், ஆனால் காருக்கு அது போர் தண்ணீரை விட மோசம். வடிகட்டியதில் மிஞ்சிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேர்மாறு. காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. எங்கள் வீட்டு ஏசி குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்து அளந்தபோது மீட்டர் 40-ஐத் தாண்டவில்லை. புழுக்கம் அதிகமான மாதங்களில் ராத்திரி முழுக்க ஓடினால் முக்கால் பக்கெட் சேர்ந்துவிடும். குடிக்கக் கூடாது, தூசி இருக்கும், ஆனால் ஒரு துணியில் வடிகட்டினால் கார் கழுவ இதைவிட நல்ல தண்ணீர் நம் வீட்டில் கிடையாது. நல்ல மழைநீரும் இப்படித்தான். நான் பின்னால் சொல்லப்போகும் முடிவுக்கு இந்த முக்கால் பக்கெட்தான் பெரிய காரணம்.

தண்ணீரின் அளவையும் பார்க்க வேண்டும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு தெருவில் நின்றதை நாம் யாரும் மறக்கவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தது. ஹோஸைத் திறந்து விட்டால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகும். ஒரு கார் கழுவி முடிக்க 150 லிட்டர் சாதாரணமாக ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டில் லாரிக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போது என்னால் அப்படிக் கழுவ முடியவில்லை.

தினமும் துடைக்கும் அண்ணன்

பெரும்பாலான பிளாட்டுகளில் இருக்கும் ஏற்பாடு இது. காலை ஐந்தரைக்கு ஒருவர் வருவார், ஒரு பக்கெட், இரண்டு துணி, பதினான்கு கார். மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய். எங்கள் பிளாட்டில் வருகிற அண்ணன் நல்ல உழைப்பாளி, ஒருநாள் தவறமாட்டார். ஆனால் ஐந்தாவது வண்டிக்கு வரும்போது அந்தப் பக்கெட் தண்ணீர் கேழ்வரகுக் கூழ் நிறத்துக்கு வந்துவிடும். அடியில் மண் படிந்திருக்கும். அதே துணியை அதில் நனைத்துப் பிழிந்து பானெட்டில் அழுத்தித் தேய்த்தால், அது உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அதிலும் தினமும்.

இதில் அவர் மேல் தப்பு சொல்ல எதுவும் இல்லை. பதினான்கு வண்டிக்கும் தண்ணீர் மாற்ற அவருக்கு நேரமும் கிடையாது, பார்க்கிங்கில் குழாயும் ஒன்றுதான். நான் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். "அண்ணே, பாடியை மட்டும் தினமும் தொடாதீங்க. கண்ணாடி, வீல், உள்ளே மேட் மட்டும் பார்த்துக்குங்க. காசு அதேதான்" என்றேன். முதலில் அவருக்கு ஏதோபோல் ஆகிவிட்டது. "வேலை பிடிக்கலையா சார்?" என்று கேட்டார். பெட்ரோல் பங்கில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். செல்போன் டார்ச்சை எடுத்துப் பக்கத்தில் நின்ற கறுப்புக் காரில் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அவருக்கு ஆறு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தேன், மூன்று கண்ணாடிக்கு, மூன்று வீலுக்கு.

தினத் துடைப்பு வேண்டவே வேண்டாமா என்று கேட்டால், பாடிக்கு வேண்டாம் என்பேன். தூசி படிந்து நிற்பதால் காருக்கு ஒன்றும் ஆகாது. உலர்ந்த தூசியைத் துணியாலோ, மெழுகேற்றிய டஸ்டராலோ இழுப்பதில்தான் ஆகிறது. எங்கள் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் போய் வந்தால் படிகிற தூசி சாதாரண மண்ணும் இல்லை. சிமென்ட்டும் ஜல்லித் தூளும் கலந்தது.

வெளியே வாட்டர் வாஷ்

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஐந்நூறு ரூபாய், முக்கால் மணி நேரம், வண்டிக்கு அடியிலும் வீல் ஆர்ச்சுக்குள்ளும் சேறு போய்விடும். லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி கழுவுவது வீட்டில் முடியாத காரியம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, ஈசிஆர் பக்கம் கடலோரம் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இது அவசியம். உப்புக்காற்று அடியிலிருந்துதான் துருவை ஆரம்பிக்கும்.

ஆனால் நான் போன இடத்தில் வீல் துடைத்த ஸ்பாஞ்சையே கதவுக்கும் போட்டார்கள். கடைசியில் அடியில் டீசல் அடிக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் கறுப்பாகப் பளபளக்கும், அப்புறம் அதிலேயே தூசி ஒட்டும், ரப்பர் புஷ்களுக்கும் நல்லதில்லை. நான் இப்போது போனால், "கீழே மட்டும் அடிங்க, மேலே தண்ணீர் மட்டும் விடுங்க, கை வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். காசு முழுசாகக் கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

வீட்டில்: ஒரு பக்கெட், ஹோஸ், ஸ்பாஞ்ச்

நம் அப்பாக்கள் அம்பாசிடரையும் ஃபியட்டையும் கழுவிய முறை. ஹோஸால் நனைத்து, சோப்புப் பக்கெட்டில் ஸ்பாஞ்ச் முக்கித் தேய்த்து, மறுபடி ஹோஸ். ஸ்பாஞ்சின் முகம் தட்டையாக இருப்பதால் மண் உள்ளே போக இடமில்லை, பெயின்ட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவிலேயே உருளும். அந்த மண் திரும்பப் பக்கெட்டுக்கு, பக்கெட்டிலிருந்து திரும்பக் காருக்கு. அண்ணனின் பக்கெட்டை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இதில் நிறையத் தண்ணீரும் போகிறது, அதுவும் போர் தண்ணீர். எனக்கு இதைத் தொடர ஒரு காரணமும் தெரியவில்லை.

சோப்பு பற்றி ஒரு வார்த்தை. துணி துவைக்கிற பவுடர் காரத்தன்மை அதிகம், ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வெளுக்க வைக்கும். பாத்திரம் விளக்குகிற திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் செய்யப்பட்டது. போட்டிருக்கும் வாக்ஸையும் அது சேர்த்து எடுத்துவிடும். காருக்கென்று விற்கிற, பிஹெச் 7-ஐ ஒட்டிய ஷாம்பு எந்தக் கம்பெனி என்றாலும் சரி. இருநூறு ரூபாய் பாட்டிலுக்கும் எண்ணூறு ரூபாய் பாட்டிலுக்கும் பெரிய வித்தியாசத்தை நான் காணவில்லை. அந்தக் காசைத் துணியில் போடுங்கள்.

இரண்டு பக்கெட்

ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறைபோல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் ஒன்று. ஷாம்புவில் முக்கி ஒரு கதவைத் தேய்த்ததும், மிட்டை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதிர்த்துவிட்டு, அப்புறம்தான் ஷாம்புவுக்குப் போக வேண்டும். பக்கெட் அடியில் மண் தங்கி மேலே கலங்காமல் இருக்க கிரிட் கார்டு என்று ஒரு வலைத்தட்டு விற்கிறார்கள். பிளாஸ்டிக் காய்கறி வடிதட்டைக் கவிழ்த்துப் போட்டாலும் அதே வேலை நடக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மேலிருந்து கீழே வர வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல் பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப் பாதியும் பம்பரும். மண் அதிகம் இருப்பது கீழேதான். வீலுக்கு மிட்டும் வேறு, தண்ணீரும் வேறு. பிரேக் பேட் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் வீலில் ஒட்டியிருக்கும், அது கதவுக்கு வரவே கூடாது.

முறை மிக நல்ல முறை. சேறான வண்டிக்கு வீட்டில் இதுதான் சரியான வழி என்று இன்றும் நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால் முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சிக்கனமாகச் செய்தாலும் அறுபது லிட்டர் ஆகிறது. அந்த அறுபதும் உப்புத் தண்ணீராக இருந்தால் கடைசியாகத் துடைத்து முடிப்பதற்குள் பானெட்டில் புள்ளி விழ ஆரம்பித்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கே அந்த நிலைமை. காலை ஆறு மணிக்கு முன்னால் அல்லது வெயில் இறங்கியபிறகு, நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பக்கமாகக் கழுவி ஒவ்வொரு பக்கமாகத் துடைத்தால் சமாளிக்கலாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஏசி தண்ணீரைப் பூவாளியில் ஊற்றி விட்டேன். நன்றாக வேலை செய்தது.

பிரஷர் வாஷர்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். வீட்டு உபயோக இயந்திரங்கள் ஆறாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. 100 முதல் 130 பார் அழுத்தம், நிமிடத்துக்கு ஆறு லிட்டர்போலத் தண்ணீர். பலர் நினைப்பதற்கு மாறாக இது ஹோஸை விடக் குறைவான தண்ணீரில் வேலையை முடிக்கும். எட்டு நிமிடம் ஓடினாலும் ஐம்பது லிட்டருக்குள்தான். நுரை அடிக்கும் ஃபோம் கேனன் மாட்டினால் வண்டி முழுக்க நுரை பூசி ஐந்து நிமிடம் ஊற விடலாம். கை படுவதற்கு முன்பே பாதி மண் வழிந்து இறங்கிவிடும். கீறல் குறைய அதைவிட நல்லது இல்லை.

இருந்தும் நான் வாங்கவில்லை, நண்பனிடம் இரவல் வாங்கி நான்கு தடவை பார்த்ததோடு சரி. பார்க்கிங்கில் 15 ஆம்ப் ப்ளக் பாயின்ட் கிடையாது. மாடியிலிருந்து வயர் இழுத்து, ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைப்பது ஆபத்து. இயந்திரத்தின் சத்தம் காலை ஆறு மணிக்கு நாலு வீட்டை எழுப்பும். உப்புத் தண்ணீர் பம்புக்குள்ளும் நாசிலிலும் படியும். முக்கியமாக, நுரை அடித்தாலும் கடைசியில் மிட்டால் தேய்க்கத்தான் வேண்டும். தண்ணீர் அடித்து மட்டும் கழுவினால் மண் போகும், கண்ணாடியில் விரல் வைத்துப் பாருங்கள், சாம்பல்போல ஒரு படலம் அப்படியே இருக்கும்.

தனி வீடு, வாசலில் ப்ளக், குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீரோ நல்ல கிணற்றுத் தண்ணீரோ இருக்கிறது, வண்டி அடிக்கடி கிராமத்து மண் ரோட்டில் போகிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். பெயின்ட்டிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். கல் பட்டு பெயின்ட் பெயர்ந்த இடத்திலும், டச்-அப் செய்த இடத்திலும், பீடிங் ரப்பர் ஓரத்திலும் நேராக அடிக்காதீர்கள், உரிந்து வரும்.

ஒரே பக்கெட், அலசல் இல்லாமல்

ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற வகையை முதலில் நான் நம்பவில்லை. ஆப்டிமம் நோ ரின்ஸ் இதில் பழைய, பேர்போன சரக்கு. இப்போது இந்தியக் கம்பெனிகளும் இதுபோலத் தயாரிக்கின்றன. சோப்புபோல நுரை வராது. இதிலிருக்கும் பாலிமர்கள் தூசித் துகளைச் சுற்றிக்கொண்டு வழுக்கலாக்கும், துணி அதைத் தேய்க்காமல் தூக்கிக்கொள்ளும். மேலே தண்ணீர் விட்டு அலச வேண்டியதில்லை. துடைத்தால் முடிந்தது.

ஆப்டிமத்துக்குக் கலக்கும் அளவு ஒன்றுக்கு 256. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். ஒரு லிட்டர் பாட்டில் ஐம்பது தடவைக்கு வரும், அதாவது வாரம் ஒன்று என்றால் ஒரு வருடம். பாட்டில் விலை கேட்கும்போது அதிகமாகத் தெரியும், வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஒரு டீ, ஒரு வடை கணக்குக்குப் பக்கத்தில்தான் வரும். ஐந்து லிட்டர் தண்ணீர்தான் என்பதால் முழுக்க ஏசி தண்ணீரிலேயே முடித்துவிடலாம். போர் தண்ணீர் ஒரு சொட்டுகூட வண்டிமேல் படுவதில்லை. உப்புப்புள்ளி பிரச்சினை எனக்கு அதோடு ஒழிந்தது.

செய்முறையில் ஒழுங்கு முக்கியம். எட்டு மைக்ரோஃபைபர் துணிகளைப் பக்கெட்டில் ஊறப் போடுகிறேன். அதே கரைசலைத் தோட்டத்து ஸ்ப்ரேயரில் எடுத்து ஒரு பக்கம் முழுக்கத் தாராளமாக அடித்து இரண்டு நிமிடம் ஊற விடுகிறேன். பிறகு ஒரு துணியை லேசாகப் பிழிந்து நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரே ஒரு இழுப்பு, நேர்கோட்டில், அழுத்தமே இல்லாமல். அடுத்த இழுப்புக்கு அடுத்த முகம். எட்டும் முடிந்ததும் அந்தத் துணி ஓரமாகக் கீழே, பக்கெட்டுக்குத் திரும்பவே கூடாது. கடைசித் துணி எடுக்கும்போதும் பக்கெட் தண்ணீர் தெளிவாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பின்னாலேயே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஸ்விஃப்ட் முடிய எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது.

முதல் தடவை செய்தபோது அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். "சார், கழுவி விட வேணாமா? மருந்து அப்படியே இருக்குமே" என்றார். எனக்கும் அதே பயம் இருந்தது. வெயிலில் எடுத்து நிறுத்திப் பார்த்தோம், ஒரு திட்டு இல்லை. இப்போது அவர் மூன்று வண்டிக்கு வாரம் ஒருமுறை இப்படிச் செய்கிறார், தனிக் கூலி வாங்கிக்கொண்டு. அவருக்கும் அது நல்லது, தினம் பதினான்கு வண்டி துடைப்பதை விட.

இது செய்ய முடியாத வேலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேளச்சேரி வழியாக வந்த வண்டியின் கீழ்ப்பகுதியில் சேறு அப்பிக்கொண்டிருக்கும். அதை எந்தப் பாலிமரும் தூக்காது. துணி வைத்தால் கீறல்தான். அப்படிப்பட்ட நாளில் முதலில் தண்ணீர் விட்டுச் சேற்றை இறக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கெட்டுக்குப் போக வேண்டும். கையால் தொட்டால் மண் மணலாக நெருடுகிறதா, மாவாக வழுக்குகிறதா என்று பார்க்கிறேன். நெருடினால் தண்ணீர் விடாமல் துணி படாது.

துடைப்பதில் பாதி இருக்கிறது

எந்த முறையில் கழுவினாலும், பழைய பனியனும் வேட்டித் துண்டும் வேண்டாம். தையல் கோடு போடும். கடைகளில் ஷாம்வா என்று உருளை டப்பாவில் விற்கும் வழவழப்பான மஞ்சள் துணி தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் அதற்கு இழை கிடையாது. ஒரு மண் துகள் மாட்டினால் அது போக இடமில்லாமல் வண்டி நீளத்துக்கும் இழுபடும். இழை நீண்ட மைக்ரோஃபைபர் துண்டு, 500 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) மேல், பெரிய அளவில் ஒன்று இருந்தால் போதும். தேய்க்காமல் விரித்துப் போட்டு இழுங்கள், இல்லையென்றால் ஒற்றி எடுங்கள்.

வாக்ஸா, சீலன்ட்டா, செராமிக்கா?

கழுவும் வேலையை எளிதாக்குவது மேலே பூசும் பாதுகாப்பு. கர்னாபா வாக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே உருகும். நம் மே மாத வெயிலில் கருநிற பானெட் 70 டிகிரியைத் தொடும். அதனால் இங்கே அது சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை. பார்க்க மிக அழகு, மாதாமாதம் கையால் போட விரும்புகிறவர்களுக்கு அது ஒரு சந்தோஷம். செயற்கை சீலன்ட் மூன்று நான்கு மாதம் தாங்கும், நனைந்த வண்டியிலேயே ஸ்ப்ரே செய்து துடைக்கும் வகைகூட உண்டு. நான் பயன்படுத்துவது அதுதான்.

செராமிக் கோட்டிங்குக்குக் கடைகளில் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கேட்கிறார்கள். அது மோசடி இல்லை. தண்ணீர் நிற்காது, அழுக்கு ஒட்டாது, வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் கீறலே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணல் போட்டுத் தேய்த்தால் அதிலும் விழும். இன்னொன்று, கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். வெயிலில் ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒவ்வொரு உப்புப்புள்ளி ஆகும். போர் தண்ணீர் ஹோஸில் கழுவி அப்படியே விடுகிற வீட்டில், கோட்டிங் போட்டபிறகு புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். கழுவும் முறையை மாற்றாமல் கோட்டிங்குக்குப் பணம் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். புது வண்டி, வெயிலில் நிறுத்தும் கட்டாயம், வாரம் ஒருமுறை சரியாகக் கழுவும் பழக்கம், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

பறவை எச்சத்துக்கு எந்தப் பூச்சும் முழுப் பாதுகாப்பு கிடையாது. அதில் அமிலம் இருக்கிறது. வெயிலில் க்ளியர் கோட் இளகும்போது அரித்து இறங்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் காரில் ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலும் இரண்டு துணியும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே நனைத்து, ஊற விட்டு, தூக்கி எடுங்கள். ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் குங்குமமும் அப்படியே. பூஜை முடிந்து ஓரிரு நாளில் நனைத்து எடுத்துவிட்டால் கறை தங்காது. வெயிலில் வாரக்கணக்கில் விட்டால் வெள்ளை வண்டியில் செம்மஞ்சள் நிழல் நின்றுவிடும்.

யாருக்கு எது

மூடிய பார்க்கிங், ஆபீஸ் போய் வரும் வண்டி, உப்புத் தண்ணீர் என்றால் ரின்ஸ்லெஸ்தான், மறுயோசனை வேண்டாம். தெருவில் நிறுத்துகிறீர்கள், மழையும் புழுதியும் மாறி மாறி என்றால் இரண்டு பக்கெட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நடுவில் வறண்ட வாரங்களில் ரின்ஸ்லெஸ். தோட்டம், தோப்பு, மண் ரோடு என்று ஓடும் வண்டிக்கு பிரஷர் வாஷரும் நுரையும். புறநகர் ரயில் பாதையை ஒட்டி வீடு இருந்தால், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் பொட்டுகள் விழும். அது தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத்தூள். எந்தக் கழுவலிலும் போகாது. அதைக் கரைக்கவென்றே விற்கும் ஃபால்அவுட் ரிமூவர் அடித்தால் ஊதாவாக மாறிக் கரைந்து வழியும், வருடத்துக்கு இரண்டு தடவை போதும்.

வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளில் கீறல் அவ்வளவாகக் கண்ணில் படாது. அதனால் வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் இதில் இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று கேட்கலாம். கண்ணில் படாவிட்டாலும் படலம் தேய்வது தேய்வதுதான். ஆனால் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம்தான் இருக்கிறது, குழந்தையையும் பார்க்க வேண்டும் என்றால், மாதம் இரண்டு தடவை கழுவுங்கள். நடுவில் துடைக்கவே துடைக்காதீர்கள். தினமும் துடைத்த வண்டியை விட அந்த வண்டி ஐந்து வருடம் கழித்து நன்றாக இருக்கும்.

என் வண்டியில் இருந்த பழைய கீறல்களை ஒரே ஒருமுறை மெலிதான பாலிஷ் போட்டு எடுத்தேன், ஆழமானவற்றை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அதே பங்கில், அதே விளக்குக்குக் கீழே பார்த்தேன். பழைய ஆழக் கோடுகள் மூன்று நான்கு இருக்கின்றன. புதிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை.

துணிகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. கழுவி முடித்த அன்றே தனியாக ஒரு பக்கெட்டில் திரவ சோப்பில் அலசுங்கள், பருத்தித் துணியோடு சேர்க்காதீர்கள், பஞ்சு ஒட்டும். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், இழை அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. நிழலில் உலர்த்தி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஒருமுறை தரையில் விழுந்த துணி, எவ்வளவு புதுசாக இருந்தாலும், அதோடு வீல் துடைக்கும் டப்பாவுக்குப் போய்விட வேண்டும்.